கடலடிக்குப் போன இஸ்திரிப் பெட்டி



பத்து காவான் கரையில் மாலை வேளையில் நின்று மேற்கே பார்த்தால், இரண்டாவது பினாங்குப் பாலம் கடலின் மேல் வளைந்து வளைந்து பத்து மாவுங் வரை போவது தெரியும். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி திறந்துவைக்கப்பட்ட இந்தப் பாலத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. வண்டியில் போகிறவர்கள் பாலத்தைப் பார்ப்பார்கள், எதிரே தீவைப் பார்ப்பார்கள். அடியில் இருக்கும் கடலை யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் அங்கே என்ன தெரியப் போகிறது? நம் கரை சேற்றுக் கரை. பாக்காவ் மரமும் கெராங் சிப்பியும் வாழ்வதற்கு ஏற்ற சேறு அது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றால் நம் கால் விரல் நமக்கே தெரியாது.

வடக்கே கெடா மாநிலத்தின் பாயார் தீவுப் பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே பவளப் பாறையும் வண்ண மீனும் உண்டு. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்குபவர்கள் அங்கே போகிறார்கள். அவர்கள் கையில் என்ன கொண்டு போவார்கள்? விளக்கு, கத்தி, படம் பிடிக்கும் கருவி என்று நாம் நினைப்போம். இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு போனவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

உண்மைதான். இங்கிலாந்தில் 1990களில் சில இளைஞர்கள் ஒரு விசித்திரமான விளையாட்டைத் தொடங்கினார்கள். மலை உச்சியிலும் மரக் கிளையிலும் ஏறி நின்று சட்டையை இஸ்திரி போடுவதே அந்த விளையாட்டு. பிறகு அது தண்ணீருக்குள்ளும் இறங்கியது. 2009ஆம் ஆண்டு ஜனவரியில், செப்ஸ்டோ என்ற ஊருக்கு அருகே தண்ணீர் நிரம்பிக் கிடந்த பழைய கல்குவாரியில், 86 பேர் ஒரே நேரத்தில் மூழ்கி, ஆளுக்கு ஒரு பலகை விரித்து இஸ்திரி போட்டார்கள். 2011ஆம் ஆண்டு நெதர்லாந்துக்காரர்கள் 173 பேர் சேர்ந்து அந்தச் சாதனையை முறியடித்தார்கள். மின்சாரம் கிடையாது, சூடு கிடையாது, சட்டையோ சொட்டச் சொட்ட நனைந்தது. பள்ளிக்கூடச் சீருடையை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இஸ்திரி போட்டுவிட்டுப் பால் வெட்டப் போன நம் தாய்மார்கள் இதைக் கேட்டால், வேலையற்றவர்கள் என்றுதான் சொல்வார்கள். நாமும் மறுக்க மாட்டோம். ஆனால் ஒரு செய்தி உண்டு. அந்த இஸ்திரிப் பெட்டி தண்ணீருக்குள் தொல்லை தராத பொருள். கனமான இரும்பு. போட்ட இடத்தில் கிடக்கும். தொல்லை தருவது காற்று அடைத்த பொருள்கள்தாம். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

அதற்கு முன் நம்மவர் கதை ஒன்று இருக்கிறது. கடலுக்கடியில் பொருளைக் கொண்டு போவதில் தமிழர்கள் புதியவர்கள் அல்லர். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கங்களில் முத்துக்குளித்தவர்கள் ஒரு கல்லைக் கொண்டு போனார்கள். மனித உடம்பு தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டால் இன்னும் மிதக்கும். நீந்தி இறங்கினால் பாதி மூச்சு வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே கயிறு கட்டிய கனமான கல்லில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கல்லோடு கல்லாக விரைந்து இறங்குவார்கள். அடித்தரையைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார்கள். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளிப்பவர் இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிய வலைப்பையில் சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டு இன்னொரு கயிற்றை அசைப்பார். உடனே மேலே தூக்க வேண்டும். எல்லாம் ஒரு நிமிட வேலை, மிஞ்சிப் போனால் இன்னும் சிறிது நேரம். கயிறு பிடிப்பவர் கண் அயர்ந்தால் உயிர் போய்விடும். அதனால்தான் அந்தக் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம். தன் தங்கை தாலி அறுப்பதை எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்?

கல்லோடு மற்றொன்றும் போயிற்று. அது மந்திரம். சுறா மீன் வாயைக் கட்டுவதற்காகக் ‘கடல்கட்டி’ என்ற ஆள்கள் முத்துக்குளிக்கும் கரையில் இருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழகக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடல்கட்டிகள் இருந்தார்கள். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத அதிகாரிகளும் அவர்களை விட்டு வைத்தார்கள். அவர்கள் கரையில் நில்லாவிட்டால் குளிப்பவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள் அல்லவா? பயத்தைக் குறைப்பதற்குத் தந்த கூலி என்று நாம் அதை எடுத்துக்கொள்ளலாம். பெரிய அளவிலான முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

கல் போனது, காற்று உருளை வந்தது. 1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து, மூழ்குபவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றை விடும் கருவியைச் செய்தார்கள். உருளைக்குள் இருப்பது பிராண வாயு என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. இந்தக் கருவியின் குழாய், வாயில் கடிக்கும் பகுதி, முகமூடி, காலில் மாட்டும் துடுப்பு எல்லாம் அந்தக் காலத்தில் ரப்பர். நம் தோட்டங்களில் வெட்டிய பால் எந்தக் கடலுக்கடியில் யாருக்கு மூச்சுக் கொடுத்ததோ, யார் கண்டார்கள்!

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஈயக்குட்டையிலும் ஆற்றிலும் குளிக்கப் போகும் பையன்கள் பப்பாளித் தண்டையோ தண்ணீர் பாய்ச்சும் குழாயையோ வாயில் வைத்துக்கொண்டு, மறுமுனையை மேலே நீட்டி, அடியிலே உட்கார்ந்து மூச்சு விடலாம் என்று நினைக்கிறார்கள். படக்கதைகளில் அப்படி வரும். உண்மையில் நடக்காது. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 100 கிராம் எடையை வைக்கிறது. நெஞ்சின் முன்பக்கம் 500 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ, அதாவது ஓர் அரிசி மூட்டை. நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். மேலேயிருந்து குழாய் வழியே வரும் காற்றுக்கு அந்த மூட்டையைத் தள்ளும் பலம் கிடையாது. போதாக்குறைக்கு, நாம் விட்ட கெட்ட மூச்சு நீளக் குழாயிலேயே தங்கி மறுபடியும் நமக்கே திரும்பி வரும். கடைகளில் விற்கும் மூச்சுக்குழாய் ஒரு முழத்துக்கு மேல் நீளம் இல்லாமலிருப்பது இதனால்தான். அதை நீட்டித் தருகிறேன் என்று யாராவது குழாயை ஒட்டித் தந்தால், தயவு செய்து வாங்காதீர்கள்.

இப்போது காற்று அடைத்த பொருள்களுக்கு வருவோம். மூழ்கப் பழகுபவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் சில பொருள்களை வேண்டுமென்றே கொண்டு போவார்கள். ஒன்று, மூடிய வெறும் பிளாஸ்டிக் போத்தல். 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. போத்தலுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கி, போத்தல் நசுங்கும். 30 மீட்டரில் கால் பங்குதான் மிஞ்சும். இது வேடிக்கை. இதைத் திருப்பிப் பார்த்தால் வேடிக்கை இல்லை. ஆழத்திலே காற்றை நிரப்பி இறுக மூடிய போத்தலை மேலே கொண்டு வந்தால் அது விம்மி வெடிக்கப் பார்க்கும். நம் நுரையீரலும் ஒரு போத்தல்தான். ஆழத்தில் உருளைக் காற்றை இழுத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்து போகும். அதனால் மூழ்கப் போகிறவர்களுக்குச் சொல்லும் முதல் சட்டம், எக்காரணத்தைக் கொண்டும் மூச்சை நிறுத்தாதே என்பது. முத்துக்குளித்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்கள் மேலே இழுத்த மூச்சையே கொண்டு போய்க் கொண்டு வந்தார்கள்.

கோழி முட்டையும் போவதுண்டு. ஓடு உடையுமே என்று கேட்பீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர்மம், ஆகவே நசுங்காமல் போய்ச் சேரும். அடியில் ஆசிரியர் ஓட்டை மெதுவாக உடைத்து உரிப்பார். வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் சிதறாமல் ஒரு பந்தாக மிதந்து நிற்கும். தண்ணீர் நாலா பக்கமும் தாங்கிக்கொள்கிறது. கைகளால் மெதுவாகத் தட்டி ஒருவர் மற்றொருவருக்குப் ‘பாஸ்’ கொடுத்து விளையாடுவார்கள்.

தக்காளி போவது வேறொரு பாடத்துக்கு. சூரிய ஒளியில் உள்ள சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கும். இன்னும் இறங்கினால் பழுத்த தக்காளி, கறுத்த காயைப் போல் தோன்றும். விளக்கை அடித்தால் மறுபடியும் பழம்! ஆழத்தில் விரலில் வெட்டுப்பட்டால் இரத்தமும் சிவப்பாக வராது. பச்சையாகப் புகைவது போலத் தெரியும். முதல் முறை பார்ப்பவர்கள் பயந்து போவார்களாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துக் கீ லார்கோவில் அக்டோபர் மாதத்தில் கடலுக்கடியில் பரங்கிக்காய் செதுக்கும் போட்டியே நடக்கிறது. அங்கே கஷ்டம் செதுக்குவது அன்று. பரங்கிக்காய் உள்ளே வெற்றிடம் உள்ளது, ஆகையால் கையை விட்டு மேலே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பதே பெரும் பாடு.

கல்யாண மாலையும் தாலியும் கடலுக்குள் போயிருக்கின்றன. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக்கு அப்பால், 60 அடி ஆழத்தில், ஒரு மணமகனும் மணமகளும் மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டார்கள். மணமகன் வேட்டி, மணமகள் சேலை, முதுகில் உருளை. கடல் அமைதியாகும் நாளுக்காகக் காத்திருந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு, மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, அதே நீலாங்கரைக் கடலில் மூழ்கிச் சதுரங்கம் ஆடினார்கள். மரக் காய்களாக இருந்தால் ராஜாவும் மந்திரியும் ஆட்டம் தொடங்கும் முன்பே மேலே போய்விடுவார்கள்.

இவையெல்லாம் கண்ணைக் கவருவதற்கான செயல்கள். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மேசையும் ஒரு காகிதமும் கடலுக்குள் போன கதை வேறு வகை. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி, மாலத்தீவு அதிபர் முகமது நஷீத் தம் அமைச்சரவையைக் கிரிஃபுஷி என்ற தீவின் அருகே கடலடியில் கூட்டினார். சுமார் 5 மீட்டர் ஆழம், அரை மணி நேரம். பேச முடியாது, ஆகவே வெள்ளைப் பலகையில் எழுதியும் கை ஜாடை காட்டியும் பேசிக்கொண்டார்கள். தண்ணீரில் அழியாத பென்சிலால் ஒரு வேண்டுகோளில் கையெழுத்திட்டார்கள். உலக நாடுகள் புகையைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு டிசம்பரில் கோபன்ஹேகன் நகரில் உலக மாநாடு நடக்க இருந்தது. மாலத்தீவின் பெரும்பாலான நிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. கடல் ஏறினால் அந்த அமைச்சரவைக்கு உட்கார வேறு இடம் ஏது? பத்து காவான் கரையைப் போன்ற தாழ்ந்த கரைகளில் வாழ்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

பசிபிக் கடலில் வானுவாட்டு என்ற நாடு 2003ஆம் ஆண்டில் கடலுக்கடியில் ஓர் அஞ்சல் நிலையத்தையே திறந்தது. நனையாத அட்டையில் கடிதம் எழுதி மூழ்கிக் கொண்டு போய்க் கொடுக்கலாம். மை முத்திரை அங்கே உதவாது. அழுத்திப் புடைக்கும் முத்திரை குத்துகிறார்கள்.

தெய்வமும் கடலுக்குள் போனதுண்டு. இத்தாலியில் சான் ஃபுருத்துவோசோ என்ற இடத்தில் 1954ஆம் ஆண்டு, 17 மீட்டர் ஆழத்தில், கைகளை உயர்த்தி நிற்கும் இயேசுநாதரின் வெண்கலச் சிலையை வைத்தார்கள். கடலில் உயிர் விட்டவர்களின் நினைவுக்காக. இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துகீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துக் கற்களைக் கடலில் தள்ளினார்கள். 1956ஆம் ஆண்டு, எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே மூழ்கி, கோயில் தூண்களையும் கற்களையும் கண்டு படம் பிடித்தார்கள். பின்னர் 1962ஆம் ஆண்டு வில்சன் கடலடியிலிருந்து சிவலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார். அது மறுபடியும் கோயிலுக்குள் போயிற்று. அந்த வெள்ளைக்காரர் பிற்காலத்தில் சுவாமி சிவ கல்கி என்று பெயர் கொண்டு துறவியானார். இவ்வளவு கதைகளில் நம் மனத்தில் அதிகம் நிற்பது இதுதான்.

கடைசியாக, நம்மோடு நெருங்கிய சம்பந்தமுள்ள பொருள் ஒன்று. அது டயர்.

நம் மண்ணின் பால் கடலுக்குள் போவது புதிதன்று. ரப்பருக்கு முன்பே, இந்தக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலைத்தான் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் பூசினார்கள். 1870ஆம் ஆண்டு சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடியில் போட்ட கம்பிக்கும் அதுவே உறை. அந்தத் தேவைக்காகக் காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்து, தாபானை அரிய மரமாக்கிவிட்டார்கள். பிறகு வந்தது ரப்பர். ரப்பர் டயராயிற்று. தேய்ந்த டயர் என்ன ஆகும்? எரித்தால் நஞ்சுப் புகை, புதைத்தால் மக்காது, வெளியில் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு. அப்போது ஒரு யோசனை தோன்றியது: டயர்களைக் கட்டிக் கடலில் போட்டால் மீன்களுக்கு வீடாகுமே! மலேசியாவில் 1975ஆம் ஆண்டு, கெடா மாநிலத்துத் தெலோர் தீவுக்கு அருகே பழைய டயர்களைக் கொண்டு முதல் செயற்கைப் பாறை அமைக்கப்பட்டது. இழுவலைப் படகுகள் அடித்தரையை அரித்துச் சிறு மீனவர்களின் வயிற்றில் அடித்த காலம் அது. டயர்க் குவியலில் மீன்கள் ஒதுங்கத்தான் செய்தன. நல்ல எண்ணத்தில் செய்த காரியம் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் கான்கிரீட் போன்ற வேறு பொருள்களுக்கு மாறினார்கள்.

அமெரிக்காவில் இதே யோசனை பெரிய அளவில் நடந்தது. புளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் நகருக்கு எதிரே, 1972ஆம் ஆண்டு ஏறக்குறைய 20 லட்சம் டயர்களைக் கொட்டினார்கள். தொடக்க விழாவில் ஆகாயக் கப்பலிலிருந்து பொன் வண்ணம் பூசிய டயர் ஒன்றைக் கடலில் போட்டார்களாம். அந்தக் கோலாகலம் நிலைக்கவில்லை. டயர்களைக் கட்டிய உலோகக் கொக்கிகள் உப்பு நீரில் அரித்தன. நைலான் கட்டுகள் விட்டுப் போயின. அவிழ்ந்த டயர்கள் ஒவ்வொரு புயலிலும் உருண்டு, பக்கத்திலிருந்த உயிருள்ள பவளப் பாறையை இடித்து நொறுக்கின. உருளும் டயரின் மேல் பவளம் எப்படி வளரும்? 2007ஆம் ஆண்டு முதல் அமெரிக்க இராணுவத்தின் மூழ்கு வீரர்கள் இறங்கி டயர்களை எடுக்கத் தொடங்கினார்கள். கோடையில் பயிற்சி போலச் சில ஆண்டுகள் செய்தார்கள். ஆயிரம் ஆயிரமாக எடுத்தும் தீரவில்லை. கொட்டுவதற்குப் படகு போதும். எடுப்பதற்கு ஒவ்வொரு டயரிலும் ஒரு மனிதக் கை பட வேண்டும்.

பாலத்தின் அந்த முனையில், பத்து மாவுங்கில், மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த முனையில் பத்து காவான். பள்ளிப் பிள்ளைகளைப் பாலத்தின் வழியே அழைத்துப் போகும்போது பெற்றோர்கள் இந்தக் கதைகளில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். முட்டைப் பந்து கதைதான் அவர்களுக்கு அதிகம் பிடிக்கும்.

இந்நாளில் பல கடற்கரைகளில் தன்னார்வமாக மூழ்குபவர்கள் இரண்டு பொருள்களைத் தவறாமல் கொண்டு போகிறார்கள். ஒன்று கத்தி, மற்றொன்று வலைப்பை. பாறையில் சிக்கிய அறுந்த வலைகளைக் கத்தியால் அறுக்கிறார்கள். போத்தல், பொட்டலத் தாள், மீன்பிடிக் கயிறு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். முத்துக்குளித்தவர்கள் இடுப்பில் கட்டிய அதே வலைப்பைதான்; உள்ளே வரும் பொருள்தான் மாறியிருக்கிறது.